கவுனின் முதுகுப் பக்கம்

அந்தக் கவுனுக்கு முதுகுப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. வந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் கிருபை மதினி கையில் பூங்கொத்தோடு நேராகப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் கொழும்பு ஸ்டூடியோக்காரன் முத்திரைதான் இருந்தது.

கிருபை மதினி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். அவர்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டது. அவளுடைய மகன் ஞானசிகாமணிக்கு என் மகள் சந்தனத்தைக் கேட்டு வந்தபோது முறை சரியாகத்தான் இருந்தது, சாமிதான் வேறு. "சொந்தத்துக்குள்ளதானே, வெளியிலயா குடுக்கோம்?" என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் பொன்ராஜ் முடித்துவிட்டார். சந்தனமும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பெற்றவள் சுப்பம்மாள் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போட்டோவோடு வந்த கடிதத்தில் மதினி எழுதியிருந்தாள்: "நான் கொழும்பில் உடுத்தின மாதிரி லேஸ் கவுன் உடுத்தித்தான் என் மருமகள் கோயிலுக்குள் வரவேண்டும். துணியும் நூலும் அனுப்பியிருக்கிறேன். கடை லேஸ் வேண்டாம். சுப்பு தன் கையாலேயே பின்ன வேண்டும்."

அந்தக் கடைசி வரியை நாலு தடவை வாசித்தேன். குரோஷா ஊசியில் லேஸ் பின்ன எனக்குத் தெரியும். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை படித்ததில் எனக்கு மிச்சம் நின்றது அது ஒன்றுதான். எங்கள் பாளையம்பட்டியில் பாதி வீட்டுத் தலையணை உறை ஓரத்தில் என் பின்னல் இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமாக நான் வெள்ளைச் சேலைக்காரி. கல்யாணப் பெண்ணின் துணியை எங்களில் தாலி அறுத்தவள் தொடக் கூடாது. கல்யாண வீட்டில் எனக்கான இடம் சமையல்காரர்களுக்குப் பின்னால், அண்டாக்களுக்குப் பக்கத்தில். பொன்ராஜ் மகன்கள் இரண்டு பேர் கல்யாணத்திலும் கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சந்தனத்தின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பயமும் ஒன்றே ஒன்றுதான். நான் பார்த்து, நான் தொட்டு, என் விதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டால்?

பொன்ராஜின் மனைவி சுந்தராம்பாள் அக்கா பக்கத்துக் கட்டு வீட்டில்தான் இருக்கிறாள். கடிதத்தில் இருந்ததைக் கேள்விப்பட்டதும் நேரே வந்துவிட்டாள். "ஏத்தா சுப்பு, முகூர்த்தத் துணியில நீ கை வைக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முகூர்த்தத் துணின்னா கூறைப்பட்டு. இது வெள்ளைக் கவுனு. வெள்ளையத் தொட எனக்கு என்னக்கா தடை? ஒம்பது வருசமா அதைத்தானே உடுத்திக்கிட்டிருக்கேன்?"

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு திரும்பினாள். பதில் சொல்ல முடியாத இடத்தில் அவளை நிறுத்திவிட்ட திருப்தி எனக்கு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அவள் போன பிறகு அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். அறுத்தவளுக்கும் வெள்ளை, கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளை என்றால், வெள்ளைக்கு என்னதான் அர்த்தம்? கிருபை மதினியும் நாலு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். அவளும் வெள்ளைச் சேலைதான் உடுத்துகிறாள். ஆனால் அதில் நீலக் கரை போட்டிருக்கிறது, கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறாள். அவளுடைய வெள்ளையும் என்னுடைய வெள்ளையும் ஒன்றா, இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது?

பொங்கல் கழிந்த வாரம் பின்ன ஆரம்பித்தேன். வைகாசியில் கல்யாணம். முதல் நாளே ஒரு தொல்லை. வெள்ளை நூலை வெள்ளைச் சேலை மடியில் வைத்துப் பின்னினால் கண்ணி தெரியவில்லை. எங்கே விட்டேன், எங்கே குத்தினேன் என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போயிற்று. மடியில் கலர்த் துணி விரித்தால்தான் ஆகும். சந்தனத்தின் தாவணியைக் கேட்டால் ஊசி மாட்டிக் கிழிந்துவிடும் என்று முணுமுணுத்தாள். கடைசியில் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து என்னுடைய பழைய பச்சைச் சுங்கடிச் சேலையை எடுத்து நாலாக மடித்து மடியில் போட்டேன்.

பூவும் இலையும் பளிச்சென்று தெரிந்தன. கை ஓடியது. ஆனால் யாராவது வாசலில் நிழலாடினால் அந்தப் பச்சையைச் சட்டென்று உருவித் தொடைக்கு அடியில் திணித்துக்கொள்வேன். திருட்டுச் சாமான் வைத்திருப்பவள் மாதிரி ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. மடியில் விரிப்பது உடுத்துவது ஆகுமா? ஆகாது. அப்படியானால் ஒளிப்பானேன்?

எங்கள் கரிசல்காட்டுக் காற்றுக்கு வெள்ளை என்றாலே ஆகாது. மாசி பிறந்ததும் காய்ந்த பருத்திமார் பிடுங்கின காட்டிலிருந்து புழுதி கிளம்பி வீட்டுக்குள் வந்து உட்காரும். ஒவ்வொரு பூ முடிந்ததும் துணியில் சுற்றிப் பானைக்குள் போட்டு மூடி வைப்பேன். நெஞ்சுக்கு முப்பத்தாறு பூ, கைக்கு எட்டும் எட்டும், கீழ்விளிம்புக்குச் சுற்றி விசிறிப் பின்னல். பின்னிய லேஸைத் துணியில் கையாலேயே தைத்தேன். மிஷினில் கொடுத்தால் நூலை இழுத்துவிடும்.

முன்பக்கம் முடிந்ததும் மறுபடி அந்த முதுகு வந்து நின்றது. மதினிக்குக் கார்டு போட்டேன். "முதுகில் பொத்தான் பதினான்கு" என்று மட்டும் பதில் வந்தது. சரி, பொத்தான் வைத்தால் போதும்போல என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்த்த கல்யாணத்தில் எல்லாம் பெண் மணவறையில் கூட்டத்தைப் பார்த்துத்தான் உட்காருவாள். முதுகுக்குப் பின்னால் சுவரும் வாழைமரமும் நாத்தனாரும்தான். முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? மிச்சமிருந்த நூலையும் நெஞ்சிலேயே சேர்த்துப் பின்னினேன். முதுகு மொட்டைத் துணியாக, பதினான்கு பொத்தானோடு நின்றது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால், புதன்கிழமை காலையில் கடைசி நூலை அறுத்தேன். கவுனைக் கொடியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் கையா இதைச் செய்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. புதுத் துணி. மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு துண்டுகூட யாரும் உடுத்தியதில்லை. மஞ்சள் வைக்காத துணி கோடித்துணி. செத்தவர்களுக்குப் போடுவது.

சந்தனத்துக்குப் போன மாதம்தான் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். வேதக்காரர்கள் மஞ்சள் வைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அறுத்தவள் மஞ்சள் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். மஞ்சள் இல்லாத வெள்ளையைப் பெற்ற மகளுக்கு எப்படி உடுத்துவது என்பது மட்டும் தெரியவில்லை. சுந்தராம்பாள் அக்காவைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம். அவள் சுமங்கலி. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. நாலு மாதம் பின்னியது நான். அதில் முதல் மஞ்சளை இன்னொருத்தி வைப்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அடுப்படிக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் தூளைக் குழம்பில் நான் தினமும் போடுகிறேன், யாரும் கேட்பதில்லை. அதே தூளை ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்தபோது வாசலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன். யாரும் பார்க்காத இடம் முதுகுதானே? கடைசிப் பொத்தானுக்குக் கீழே, இடுப்பு மடிப்பில், ஒரு விரல் வைத்து எடுத்தேன். தூள் நீர்த்துவிட்டது போலிருக்கிறது. பொட்டளவு வைத்தது ஊறி, எட்டணாக் காசளவு பரவியது. பரவாயில்லை, முதுகுதானே என்று விட்டுவிட்டேன்.

மதியம் பஸ்ஸில் கிருபை மதினி வந்து இறங்கினாள். சந்தனமும் சுந்தராம்பாள் அக்காவும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெண்ணையும் கவுனையும் கையோடு பார்த்துவிட்டுப் போக வந்தவள், வந்ததும் கொடிக்குத்தான் போனாள். நெஞ்சுப் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள். "சுப்பு, என் கவுனு இதுக்குப் பக்கத்துல நிக்காது" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு கவுனைத் திருப்பினாள்.

"என்ன சுப்பு, முதுகுல ஒண்ணையும் காணோம்?"

"முதுக யாரு மதினி பாக்கப்போறா?"

"எல்லாரும் முதுகைத்தானே பாப்பாக! பொண்ணும் மாப்பிள்ளையும் போதகரப் பாத்துல்ல நிப்பாக? சனம் பூராவும் பின்னால பெஞ்சுல இருக்கும். ஆராதனை முடியிற வரைக்கும் முதுகுதான்."

அப்போதுதான் அவள் கண்ணில் மஞ்சள் பட்டது.

"இது யாரு வச்சது?" அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "பின்னால, சரியா நட்டநடுவுல. வேதத்துக்கு வந்தும் மஞ்சளோட வந்து நிக்கான்னு ஊரே பேசுமே. இந்தப் பிள்ளையத்தானே பேசுவாக?"

சந்தனம் சுந்தராம்பாள் அக்காவைப் பார்த்தாள். மதினியும் அக்காவைப் பார்த்தாள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. என் விரல் நுனி மஞ்சளாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, குழம்பு வைக்கிற கை. அறுத்தவள் புதுத் துணியில் மஞ்சள் வைப்பாள் என்று யாருக்காவது தோன்றுமா?

"ஆத்தாடி, நான் வைக்கலே!" என்றாள் அக்கா. "நான் இந்தத் துணியத் தொட்டே பாக்கலே. சுப்பு, சொல்லேன்!"

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கை வைத்தது என்று தெரிந்தால், அது வெறும் கறையாக இருக்காது, அபசகுனமாகிவிடும் என்று பயந்தேன். மதினி என்ன நினைப்பாள், கல்யாணம் நிற்குமோ, சந்தனம் என் முகத்தில் விழிப்பாளோ என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நாக்கைக் கட்டிவிட்டது. முந்தானையைச் சுருட்டி விரலை உள்ளே மறைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, நான்தான் வச்சேன்னே இருக்கட்டும். நானே தொவைச்சுத் தாரேன்!" என்று கவுனை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், நாங்கள் ஓடி எட்டுவதற்குள் மஞ்சள் பட்ட இடத்தில் பார் சோப்பைத் தேய்த்துவிட்டாள். உப்புத் தண்ணீரில் நுரை வரவில்லை. வேறொன்று வந்தது. மஞ்சள் முழுக்கச் சிவப்பாக மாறியது. வெள்ளைத் துணியின் நடுவில் ரத்தச் சிவப்பு.

சந்தனம் "அம்மா!" என்று அலறினாள். அக்கா சோப்பைக் கீழே போட்டுவிட்டாள். நான் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் விதி ஒட்டுமா ஒட்டாதா என்று இத்தனை மாதமாகப் பயந்தேனே, இதோ எழுதிக் காட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மதினிதான் பதறவில்லை. "மஞ்சளும் சோப்பும் சேர்ந்தா செவக்கத்தான் செய்யும். கொழும்புல சமையக்கட்டுல உடுத்துற சேலையில எத்தனை தடவ பாத்திருக்கேன். எலுமிச்சம்பழம் இருந்தா கொண்டாங்க" என்றாள். சாறு விட்டதும் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள் வந்தது. "இனி வெயில்ல போடுங்க. வெயில் இழுத்துரும். முதுகுக்கு லேஸும் ஆகணும் சுப்பு, நாள் இல்லை." பெண் தலையில் போடும் நெட்டில் தைப்பதற்கென்று மதினி வைத்திருந்த இரண்டு நூல்கண்டையும் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸில் போனாள்.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "செய்யாததுக்குப் பேர் வாங்கினவ கல்யாணத்துக்கு வரமாட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் கட்டுக்குப் போனாள். அது எனக்குச் சொன்னதுதான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வைகாசி வெயில் கவுனைப் பிடித்து வைத்துக்கொண்டது. நான் வேப்பமர நிழலில் பச்சைச் சேலையை மடியில் விரித்து முதுகுக்குப் பூ பின்னினேன். பாதியில் எழுந்து போய்ப் பார்ப்பேன். பழுத்த மஞ்சள் இளமஞ்சளாயிற்று, இளமஞ்சள் சந்தன நிறமாயிற்று. சனிக்கிழமை மதியம் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. வெள்ளை.

நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தைத் தடவிக்கொண்டு அழுதேன். கறை போனதற்கு அழுதேனா, மஞ்சள் போனதற்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி அது கோடித்துணியாகிவிட்டது. இன்னொரு தடவை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. அவள் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை கல்யாணம். விடியும் முன்பே கிளம்பிப் பந்தல்குடி தாண்டி மதினி ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பொன்ராஜ் சத்தம் போட்டதில் அக்காவும் வந்திருந்தாள், பஸ்ஸில் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து. கோயிலை ஒட்டிய சின்ன அறையில் சந்தனத்துக்குக் கவுனை உடுத்திப் பதினான்கு பொத்தானையும் போட்டுவிட்டேன். முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு பூச்சரம் இறங்கியது. மற்றவர்கள் வெளியே போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி மஞ்சள்.

"வை" என்றாள்.

"பெரியம்மாவக் கூப்பிடுதேன்" என்றேன். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"நீ வை. மொதல்லயும் நீதானே வச்சே? அன்னைக்கு அடுப்படியில நீ மஞ்சள் கொழைக்கும்போது நான் வாசல்லதான் நின்னேன்."

"பிறகு ஏன்டி சொல்லலே? எல்லாரும் பெரியம்மாவப் பாக்கயில நீயும்தானே பாத்தே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். "நீ சொல்லாம நான் சொன்னா, ஒன்னைக் காட்டிக் குடுத்த மாதிரில்ல ஆகும்?"

"சந்தனம், என் கை ஆகாதுத்தா. அன்னைக்குச் செவந்ததப் பாத்தேல்ல?"

"சோப்புப் போட்டாச் செவக்கும்மா. அத்தைதான் சொன்னாகல்ல?" அவளுக்கும் என் கோபம் கொஞ்சம் உண்டு. "இந்தக் கவுனு பூரா உன் கைதானே? உன் கை ஆகாதுன்னா இதை நான் உடுத்தவே கூடாதே. அவுத்துறவா?"

அக்காவின் வாயை நான் அடைத்தது மாதிரி என் மகள் என் வாயை அடைத்துவிட்டாள். எச்சில் தொட்டுக் குழைக்கக் கூடாதே என்று, கூஜாவிலிருந்து ஒரு சொட்டு விட்டுக் குழைத்தேன். இந்தத் தடவை எங்கே வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. முன்பக்கம், கீழ்விளிம்பின் உள்மடிப்பில் வைத்தேன். முன்பக்கத்தைத்தான் அந்தக் கோயிலில் யாரும் பார்க்க மாட்டார்களே.

பழக்கதோஷத்தில் நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். கிருபை மதினி வந்து கையைப் பிடித்து, "பொண்ணைப் பெத்தவ இங்க என்ன பண்ணுதே?" என்று முன்னால் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பக்கத்தில் சுந்தராம்பாள் அக்கா, ஒரு ஆள் இடம் விட்டு.

தாலி கட்டும் நேரம் வந்தது. சந்தனத்தின் முகம் எனக்குத் தெரியவில்லை. மதினி நெட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, ஞானசிகாமணி தாலிக்கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முடிச்சு விழுவது முதுகுப் பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் நான் பார்த்தேன். என் பின்னலுக்கு ஒரு விரல்கடை மேலே.

ஆராதனை முடிந்து இருவரும் திரும்பினார்கள். படி இறங்கும்போது சந்தனம் கவுனை லேசாகத் தூக்கிப் பிடித்தாள். அக்காவின் கண்ணுக்கு ஊசி விழுந்தாலும் தெரியும். ஐந்து நாளாகப் பேசாதவள் என் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"அடிமடிப்புல என்னமோ மஞ்சளாத் தெரியுதே! இதையும் என் தலையில போடவா?"

"நான்தான்க்கா வச்சேன்" என்றேன். பாட்டு நின்றிருந்த நேரம். என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "அன்னைக்கும் நான்தான் வச்சேன். உன் மேல பழி விழுகயில வாயை மூடிக்கிட்டு நின்னேன். என்னை மன்னிச்சிரு அக்கா."

அக்கா என்னையே பார்த்தாள். விட்டிருந்த இடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனியில் மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது.

"நல்லா அழுந்த வச்சியா?" என்று கேட்டாள். "போன தடவ மாதிரிப் போயிறாமே?"